ஸ்கிராபிளுக்கு ஆங்கிலச் சொற்களை எந்த வரிசையில் படிப்பது?

பெங்களூருவில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் ஸ்கிராபிள் பலகை விரிக்கிறோம். டைல் எனும் எழுத்துக் கட்டைகளைப் பலகையில் வைத்து ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஆட்டம் இது. வந்து எட்டிப் பார்க்கும் தமிழ் வீட்டுப் பெற்றோர் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்?" என்பதுதான். புத்தகத்தில் தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தியாவில் போட்டி ஆடுகிறவர்கள் எல்லாரும், ஆட்டத்தில் செல்லும் சொற்களைத் தொகுத்த கொலின்ஸ் சொற்பட்டியலைத்தான் பின்பற்றுகிறார்கள். யோசித்து முடிவெடுக்க வேண்டியது, அந்தப் பட்டியலை எந்த வரிசையில் படிப்பது என்பதைத்தான். அதில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள் இருக்கின்றன. பள்ளி, டியூஷன், கன்னட வீட்டுப்பாடம் எல்லாம் போக ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் மிஞ்சினாலே பெரிது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் இருபது நிமிடம். அந்த நேரத்தை எங்கே செலவிடுவது?

நான்கு வழிகள் இருக்கின்றன. அகராதி வரிசையில் படிக்கலாம். நீளம் குறைந்த சொற்களிலிருந்து தொடங்கலாம். க்யூ, இசட் போன்ற கடின எழுத்துகளை முதலில் பிடிக்கலாம். அல்லது ஒரே எழுத்துகளைக் கொண்ட சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் படிக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டெழுத்துச் சொற்களை முழுதாக முடித்துவிட்டு, நேராக எழுத்துக் கூட்டங்களுக்குப் போய்விடுங்கள். மற்ற இரண்டுக்கும் ஓரளவு பயன் உண்டு, ஆனால் அவற்றில் தொடங்கினால் பிள்ளைகள் மூன்றே வாரத்தில் சலித்துப் போகிறார்கள்.

மேலே போகும் முன் ஒரு விளக்கம். தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் ஒன்றாகத் தெரிந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் டீ என்றால் தமிழ்நாடு தொடங்கும் எழுத்து, டி என்றால் டெல்லி தொடங்கும் எழுத்து. பி வரும் இடத்தில் அது புனேவின் பி-யா, பெங்களூருவின் பி-யா என்று சொல்லிவிடுகிறேன்.

அகராதி வரிசை

புத்தகம் அப்படி அச்சாகியிருப்பதால் பெரும்பாலானோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எங்களோடு ஆடும் அல்சூர் பெரியவர் ஒருவர், பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் காபி குடித்த கையோடு சொற்பட்டியலில் இரண்டு பக்கம் படிப்பார். ஏ, பி, சி எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் அவரை அசைக்க முடியாது. ஆனால் டைல்களை வைத்துக்கொள்ளும் தாங்கியான ரேக்கில் ஏழு டைல் வந்து உட்கார்ந்ததும் அவர் தடுமாறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. எந்த எழுத்தில் சொல் தொடங்குகிறது என்பதை ரேக் சொல்லாது. அது ஏழு எழுத்தைக் கலைத்துக் கையில் கொடுத்துவிட்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. முதலெழுத்து தெரிந்தால்தான் நினைவுக்கு வரும் என்று பழக்கிய மனது, ஒவ்வோர் எழுத்தையும் முன்னால் வைத்து வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. போட்டியில் ஓர் ஆட்டம் முழுமைக்கும் ஒருவருக்கு 25 நிமிடம்தான். அதைத் தாண்டினால் நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி கழியும்.

இந்த வரிசைக்கு ஒரு பயன் உண்டு. எதிராளி வைத்த சொல் சரியா தப்பா என்று சொல்வதற்கு இது உதவும். சர்வதேச விதிகளின்படி சரியான சொல்லைத் தப்பென்று சேலஞ்ச் செய்தால் பெரும்பாலும் ஐந்து புள்ளி இழக்க வேண்டும், ஆகவே அந்த அறிவும் வேண்டியதுதான். ஆனால் சொல்லைக் கண்டுபிடிக்கத் தெரிந்தபிறகு வர வேண்டிய அறிவு அது.

இரண்டெழுத்துச் சொற்கள்

2019 பதிப்பில் மூன்று சொற்கள் சேர்ந்து கொலின்ஸில் இரண்டெழுத்துச் சொற்கள் 127 ஆயின. இவ்வளவு சின்னப் பட்டியல் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தருவது இந்த ஆட்டத்தில் வேறெங்கும் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒட்டிப் பக்கவாட்டில் இன்னொரு சொல்லை வைத்தால், இரண்டும் தொட்டுக்கொள்ளும் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இரண்டெழுத்துச் சொல் பிறக்கும். அவை எல்லாம் செல்லுபடியானால் ஒரே வைப்பில் நான்கைந்து சொற்களுக்குப் புள்ளி கிடைக்கும். இரண்டெழுத்துச் சொற்கள் தெரியாத பிள்ளைகள் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். ஆட்டத்தின் பாதிப் புள்ளி அங்கேயே போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எக்ஸ் டைலுக்கு எட்டுப் புள்ளி. எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது. அதன் இடப்பக்கம் ஏ, மேலே இ. அந்தக் கட்டத்தில் எக்ஸை மட்டும் வைத்தால் படுக்கையாக ஏ-எக்ஸ், நெட்டையாக இ-எக்ஸ், இரண்டும் செல்லும். 24-ம் 1-ம் சேர்ந்து 25, அது இரண்டு திசைக்கும் சேர்த்து 50. ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்து பிங்கோ போட்டால் கிடைக்கும் போனஸும் 50 தான். ஒற்றை டைலால் அதே அளவு எடுக்கலாம் என்று பலகையில் வைத்துக் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு பிள்ளைகளை யாரும் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த 127-ஐயும் அகராதி வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம். உயிரெழுத்து வாரியாகப் பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள். ஏ-வில் தொடங்குபவை மட்டும் பதினாறு. அப்புறம், இல்லாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வி எழுத்து வரும் இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. சி வருவது சி-எச் ஒன்றுதான். க்யூவுக்கு க்யூ-ஐ மட்டும். ஜே-க்கு ஜே-ஏ, ஜே-ஓ. இசட்டுக்கு இசட்-ஏ, இசட்-இ, இசட்-ஓ. எக்ஸ்தான் தாராளம்: ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ், எக்ஸ்-ஐ, எக்ஸ்-யு. எதிராளி ஓர் இடத்தில் சொல் வைக்காதபடி அடைக்க வேண்டுமானால் வி-யை அங்கே நிறுத்துங்கள். அதற்குப் பக்கத்தில் ஒட்டி இரண்டெழுத்துச் சொல் அமைக்கவே முடியாது.

மூன்றெழுத்துச் சொற்கள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். அவற்றைத் தனிப் பட்டியலாகப் படிப்பது வீண். இரண்டெழுத்துச் சொல்லின் முன்னும் பின்னும் என்ன ஒட்டும் என்று பாருங்கள். ஆட்டக்காரர்கள் இதை ஹூக் என்பார்கள். கே-ஐ என்ற சொல்லின் பின்னால் டி போட்டால் கிட், என் போட்டால் கின், டீ போட்டால் வேறொரு கிட். முன்னால் எஸ் போட்டால் ஸ்கீ. ஏ-டீ-யின் முன்னால் ஒட்டும் எழுத்துகளைச் சொல்லச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையே கேட், ஹேட், மேட், ரேட் என்று அடுக்கிவிடும். அதாவது மூன்றெழுத்துப் பட்டியலில் கணிசமான பகுதி ஏற்கெனவே தெரிந்ததுதான். தெரியாததை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதிக்கொண்டால் போதும்.

கடின எழுத்துகள்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. க்யூ, இசட், ஜே, எக்ஸ் ஒவ்வொன்றும் நூறு டைலில் ஒன்றே ஒன்று. பாதி ஆட்டங்களில் அது எதிராளி கைக்குப் போய்விடும். க்யூவுக்கு அடுத்து யு வராத சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் போதும்: காட் இலையைக் குறிக்கும் க்யூ-ஏ-டீ, சந்தையைக் குறிக்கும் எஸ்-யு-க்யூ, அப்புறம் தலாக், ஃபகீர், புர்கா, நிகாப், இஸ்லாமிய நீதிபதியைக் குறிக்கும் காதி. அரபியிலிருந்து வந்த இந்தச் சொற்கள் சிவாஜிநகர் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் காதுக்குப் பழகியவைதான். அவற்றின் ஆங்கில எழுத்துக் கூட்டலை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. உயிரெழுத்தே இல்லாத சொற்களும் சில உண்டு. மலைப் பள்ளத்தைக் குறிக்கும் சி-டபிள்யூ-எம் அவற்றில் ஒன்று. கேட்க வேடிக்கையாக இருப்பதால் யூடியூப் காணொளிகள் இந்த மாதிரிச் சொற்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆட்டத்தை வெல்வதில் இவற்றின் பங்கு அதில் காட்டுவதைவிட மிகக் குறைவு.

எழுத்துக் கூட்டங்கள்

இப்போது முக்கியமான வழிக்கு வருவோம். ஒரே எழுத்துகளால் ஆன சொற்கள் எல்லாவற்றையும் ஒரு கூட்டமாக வைத்துப் படிப்பது. சின்னப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் தட்டிலிருந்தே தொடங்குவேன். தோசையின் ஆங்கில எழுத்துகள் டி, ஓ, எஸ், ஏ. தோசா செல்லுபடியான சொல். அதே நான்கையும் கலைத்துப் போட்டால் சோடா. ரொட்டியின் நான்கு எழுத்துகளைக் கலைத்தால் ரையட், ட்ரியோ. சாய் என்பதைக் கலைத்தால் சியா விதை. சிதார் என்பதன் ஐந்து எழுத்தில் மாடிப்படியைக் குறிக்கும் ஸ்டேர் இருக்கிறது, அஸ்டர் இருக்கிறது, டார்ஸி இருக்கிறது, ஸ்ட்ரையா இருக்கிறது. இந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையிலேயே தொடர்ந்து ஆடுகிறார்கள். பாட்டி சமையல் பொருள் ஒன்றைச் சொல்ல, பேத்தி எழுத்தைக் கலைத்துப் பார்க்கிறாள். கடையில் வாங்கும் எந்தச் சொல்வளப் புத்தகத்தாலும் இந்தப் பழக்கத்தைத் தர முடியவில்லை.

இதைப் படிப்பாக மாற்றும் முறை இதுதான். ரேக்கில் வந்த எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கு. அந்த அடுக்கைப் பார்த்ததும் சொற்கள் தானாக நினைவுக்கு வர வேண்டும். ஒரு ஞாயிறு மாலை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏ, இ, ஐ, பி, ஆர், எஸ், டீ என்று அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பி புனேவுடையது. பார்ட்டீஸ் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் பலகையில் அதை இறக்க இடமில்லை. முடிவெழுத்து எஸ் ஆக இருந்தால் அந்த மூலையில் பொருந்தவில்லை, இ-யில் முடிந்தால் பொருந்தும். பக்கத்தில் இருந்த அம்மா, "விடும்மா, சின்னதா ஏதாவது வை" என்றார். அவள் டைல்களைத் தொடவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது: பார்ட்டீஸ், பைரட்ஸ், பேஸ்டியர், பியாஸ்டர், ட்ரெய்ப்ஸ். கடைசிச் சொல் இ-யில் முடிகிறது. வைத்தாள். கூட்டமாகப் படித்ததால்தான் ஒன்று நுழையாத இடத்தில் இன்னொன்று நுழைந்தது. அகராதி வரிசையில் படித்திருந்தால் இந்த ஐந்தில் நான்கு புனேவின் பி-யில் இருந்திருக்கும். மற்றது எங்கோ டீ-யின் கடைசியில் கிடந்திருக்கும்.

தமிழ் வீடுகளுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு என்று நினைக்கிறேன். நம்மில் பலர் ஆங்கிலத்தைக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் படித்ததே அதிகம். சொல்லின் உச்சரிப்பு சரியாகத் தெரியாதே என்ற கூச்சம் பெரியவர்களிடம் இருக்கிறது. எழுத்துக் கூட்ட முறைக்கு உச்சரிப்பே தேவையில்லை. அல்சூர் பெரியவருக்கு நான் இதைத்தான் சொன்னேன்: "ஐயா, இங்கே வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, கண் பார்த்தால் போதும்." இப்போது அவர் எழுத்துகளை அடுக்கிப் பார்த்துத்தான் ஆடுகிறார். ஒன்று மட்டும்: குறிப்பேட்டில் தமிழில் எழுதிப் படிக்காதீர்கள். டீ-யும் டி-யும், இரண்டு பி-யும் கலந்துவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுதுங்கள், டைலிலும் அப்படித்தான் இருக்கிறது.

இந்தக் கூட்டங்களுக்குள்ளேயே இரண்டு பாதைகள் பிரிகின்றன. அங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது.

முதலாவது ஸ்டெம் முறை. நன்றாக விளையும் ஆறெழுத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏழாவதாக எந்த எழுத்து வந்தால் என்ன சொல் பிறக்கும் என்று படிப்பது. நையாண்டியைக் குறிக்கும் சட்டையர், விழித்திரையைக் குறிக்கும் ரெட்டினா, மூலிகைத் தேநீரைக் குறிக்கும் டிசேன் மூன்றும் இதில் பேர்போனவை. சட்டையரின் ஆறெழுத்தோடு எல் சேர்ந்தால் ரியலிஸ்ட், ரீட்டெய்ல்ஸ், சால்டியர். டபிள்யூ சேர்ந்தால் வெயிட்டர்ஸ். எஃப் சேர்ந்தால் ஃபேரஸ்ட். எச் சேர்ந்தால் ஹேஸ்டியர். இப்படி ஏறக்குறைய எந்த எழுத்து வந்தாலும் பதில் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது ரெட்டினா. காரணம், அதில் பிறக்கும் சொற்கள் பல அறிவியல் புத்தகத்தில் இருக்கின்றன. ஜி சேர்த்தால் கிரானைட். டீ சேர்த்தால் நைட்ரேட். கே சேர்த்தால் கெரட்டின். ஐ சேர்த்தால் இனர்ஷியா. ஆர் சேர்த்தால் டெரெய்ன், டிரெய்னர். சி சேர்த்தால் செர்ட்டன். எம் சேர்த்தால் மினரெட். எச் சேர்த்தால் ஹேர்நெட். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இவற்றில் புதிய சொல் ஒன்றிரண்டுதான். தெரிந்த சொற்களுக்கிடையே இப்படி ஓர் உறவு இருக்கிறது என்பதுதான் புதிது, அது பிள்ளைகளைப் பிடித்து இழுக்கிறது. சட்டையரில் பிறக்கும் சொற்களில் பல, ஒப்பீட்டுச் சொற்களான ஹேஸ்டியர், சால்டியர் வகை. அவை புள்ளி தரும், ஆனால் மனதில் தங்குவது கடினம்.

இரண்டாவது, வாய்ப்பு வரிசை முறை. ஸ்டெம்மை மறந்துவிட்டு, பையிலிருந்து எந்த ஏழெழுத்து வர வாய்ப்பு அதிகமோ அந்த வரிசையில் கூட்டங்களைப் படிப்பது. பையில் இ பன்னிரண்டு, ஏ-யும் ஐ-யும் ஒன்பது ஒன்பது, ஓ எட்டு, என், ஆர், டீ தலா ஆறு. எஸ் நான்கே நான்கு. நூறு டைலிலிருந்து ஏழை எடுக்க 1,600 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. அவற்றில், எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைலான பிளாங்க் இல்லாமல் டிரெய்னீ என்ற சொல்லின் எழுத்துகள் வருவதற்கு 11,54,736 வழிகள். பைஜாமாஸ் வருவதற்கு? அதே மாதிரி கணக்குப் போட்டால் 1,152 தான். இரண்டுமே ஏழெழுத்து, இரண்டுமே எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். ஆனால் முதல் கையில் ஒன்று வருவதற்கான வாய்ப்பு மற்றதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. கிடைக்கும் இருபது நிமிடத்தை எதன்மேல் செலவிடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

ஸ்டெம் முறையின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்து அப்படியே கையில் அமைவது அபூர்வம். ஒரு மாதம் முழுக்க டிசேனைப் படித்துவிட்டு ஒரு தடவைகூட அது ரேக்கில் வராமல் போகலாம். ஆனால் அந்த முறை வேறொன்றைக் கற்றுத்தருகிறது: எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், எதை இறக்கிவிட வேண்டும் என்பதை. ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ ஆகிய ஏழும் எவ்வளவு நன்றாக ஒன்றோடொன்று சேர்கின்றன என்று விரல் நுனியில் உணர்ந்த பிள்ளை, ஆறு புள்ளிக்காக ஒரு எஸ்ஸை வீணாக்காது. இந்த ஏழையும் மொத்தமாக வைத்திருந்தால் ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர் என்று வரிசையாக இருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். பத்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ரெட்டினா, சட்டையர் இரண்டு ஸ்டெம் மட்டும், அதுவும் விளையாட்டாக. போட்டிக்குப் போக வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பெரியவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வாய்ப்பு வரிசை, ஸ்டெம் வேண்டவே வேண்டாம். வீட்டில் மாமனார், மச்சினர் கூடிச் சனிக்கிழமை ஆடுவதோடு சரி என்பவர்கள் இரண்டெழுத்தும் ஹூக்கும் முடித்தாலே அந்த வட்டத்தில் அவர்களை வெல்ல ஆளிருக்காது.

பொருள் தெரிய வேண்டுமா?

பெற்றோர்களுக்கு இது பெரிய கவலை. பொருள் தெரியாமல் சொல்லை மனப்பாடம் செய்வது என்ன படிப்பு என்று ஒரு ஆசிரியை என்னிடம் வருத்தமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர். 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும் வென்றார், அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. 2024-ல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். ஆட்டத்துக்குப் பொருள் தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அவர் நினைவாற்றல் நமக்கில்லை. நமக்குப் பொருள் ஒரு பிடிமானம். அதிலும் சொல் பெயரா, வினையா என்று தெரிவது புள்ளியாகவே திரும்பி வருகிறது. பெயராக இருந்தால் பெரும்பாலும் எஸ் ஒட்டும். என்-டீ-எச் என்பது 'என்'-ஆவது என்ற பொருள் கொண்ட பெயரடை, அதன்பின் எஸ் ஒட்டாது. ஓ-எஃப் பின்னால் இன்னொரு எஃப் ஒட்டும், டீ ஒட்டும், எஸ் ஒட்டாது. இது புரியாமல் எஸ்ஸைப் போட்டு முறையை இழப்பவர்கள் ஏராளம். ஆகவே நான் சொல்வது: இரண்டு, மூன்றெழுத்துச் சொற்களுக்கு ஒரு வரியில் பொருள் எழுதிக்கொள்ளுங்கள். ஏழெழுத்துக் கூட்டங்களுக்குத் தெரியாத சொல்லுக்கு மட்டும் பாருங்கள், பார்த்ததை எழுத வேண்டாம். அப்படியே பிள்ளைக்கு ஆங்கிலமும் வளரும். ஆசிரியையின் கவலைக்கு என் பதில் அதுதான்.

நேரம் இல்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2014-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த மோகன் வர்கீஸ் சுங்கத் நாட்டின் முன்னணி ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களில் ஒருவர். அவ்வளவு பொறுப்புள்ள வேலையோடு சேர்த்தே இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார்.

வேர்டில் ஆடுபவர்களுக்கு

ஸ்கிராபிளுக்குச் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஊகித்துக் கண்டுபிடிக்கும் புதிர் வேர்டில். ஜோஷ் வார்டில் 2021-ல் வெளியிட்ட அதை நியூயார்க் டைம்ஸ் 2022-ல் வாங்கியது. அதில் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம், ஆகவே கலைத்து அடுக்கும் கூட்டம் அங்கே பெரிதாகக் கைகொடுக்காது. வால் ஒன்றாக இருக்கும் கூட்டங்களைப் படியுங்கள். லைட், நைட், மைட், ஃபைட், ரைட், சைட், டைட், எய்ட் எல்லாவற்றுக்கும் கடைசி நான்கு எழுத்து ஒன்றுதான். அந்த நான்கும் சரியான இடத்தைக் காட்டும் பச்சையாகிவிட்டால் முதலெழுத்தை ஒவ்வொன்றாகப் போட்டு வாய்ப்பு முழுதும் தீர்ந்துபோகும். கிடைத்த எழுத்துகளை அடுத்த ஊகத்திலும் வைத்தே ஆக வேண்டிய கடின முறையில் ஆடாதவர்கள் அந்த இடத்தில் ஃபார்ம்ஸ் என்று ஒரு சொல்லைப் போட்டால் எஃப், ஆர், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். அதே பத்திரிகையின் ஸ்பெல்லிங் பீ புதிரில் எழுத்துகள் ஏழு, எஸ் வராது. அதற்கு நம் எழுத்துக் கூட்ட முறை நன்றாகவே பொருந்தும், எழுத்து திரும்ப வரலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

நோட்டா, போனா?

இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு வேலைக்கு. இரண்டெழுத்துச் சொற்களையும் ஹூக்குகளையும் கையால் நோட்டில் எழுதுங்கள். முன்னால் ஒட்டுவது இடப்பக்கம், நடுவில் சொல், பின்னால் ஒட்டுவது வலப்பக்கம். ஒரு பக்கத்தில் பத்துச் சொல் போதும். எழுதிய பக்கத்தின் தோற்றமே ஆட்டத்தின்போது கண்முன் வந்து நிற்கும்.

ஏழெழுத்துக் கூட்டங்களுக்கு நோட்டு பயனற்றது, ஏனென்றால் எது மறந்தது, எது நிற்கிறது என்று நோட்டுக்குத் தெரியாது. ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் சொன்ன அட்டைப்பெட்டி முறை இங்கேதான் உதவும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறவிட்டது முதல் பெட்டிக்கே திரும்பும், நாளைக்கே அதைப் பார்க்க வேண்டும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் ஸிஸிவா என்ற மென்பொருளில் இது உள்ளேயே இருக்கிறது. அகர வரிசையில் அடுக்கிய எழுத்தைக் காட்டும், நீங்கள் சொற்களைச் சொல்ல வேண்டும். வாய்ப்பு வரிசையிலேயே கேட்கச் சொல்லலாம். பையப்பனஹள்ளியில் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குவதற்குள் கணிசமான கூட்டங்கள் முடிந்துவிடும். கணினி இல்லாத வீட்டில் வெட்டிய கார்டு அட்டையும் மூன்று ஸ்வீட் டப்பாவும் போதும், முறை ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. போனில் ஆடும் எல்லா ஆட்டமும் ஒரே பட்டியலை வைத்திருப்பதில்லை. அமெரிக்காவின் பட்டியல் சிறியது, இரண்டெழுத்துச் சொற்களே அங்கே இருபது குறைவு. இசட்-ஓ, ஜே-ஏ, சி-எச் போன்றவை அங்கே செல்லாது. பிள்ளை இரண்டு பட்டியலையும் ஒரே சமயத்தில் பழகினால் போட்டியில் எந்தச் சொல்லையும் நம்பி வைக்க முடியாமல் தவிக்கும். ஆட்டத்தின் அமைப்புகளுக்குள் போய் கொலின்ஸ் என்று மாற்றிவிடுங்கள். மாற்ற இடமில்லையென்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.

புத்தகமாகத்தான் வேண்டும் என்பவர்கள் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம், பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் வாங்கும் முன் ஓ எழுத்துப் பக்கத்தைத் திருப்பி ஓ-கே என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது 2019-ல்தான் சேர்ந்தது. இல்லையென்றால் அது பழைய பதிப்பு. 2021 பதிப்பில் இழிசொற்கள் பலவற்றை நீக்கியும் இருக்கிறார்கள், ஆகவே பிள்ளைகளுக்கு வாங்கும்போது அதற்குப் பிந்திய பதிப்பாகப் பார்த்து வாங்குவதே நல்லது.